மூன்றாம் ரிச்சர்டின் எலும்பும் அறுந்துபோன கொடிவழியும்: பிளாண்டாஜெனட் குழப்பம் என்ன?

2014 டிசம்பரில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூட்டில் டிஎன்ஏ சோதனை செய்து பார்த்ததில், அந்த அரச வம்சத்தின் தந்தைவழிக் கொடி எங்கோ ஓரிடத்தில் அறுந்திருப்பது தெரிந்துவிட்டது என்பதுதான் அது. ஏட்டில் அப்பா என்று எழுதியிருக்கிற யாரோ ஒருவர் உண்மையில் அப்பா இல்லை. உடனே பேச்சு "அப்படியானால் ராணி எலிசபெத்துக்கே அரியணையில் உரிமை உண்டா?" என்கிற வரைக்கும் போய்விட்டது. இன்றும் யாராவது அந்தச் செய்தியைத் தோண்டியெடுத்துப் பகிரும்போதெல்லாம் அதே கேள்வி கூடவே வருகிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். கொடி அறுந்தது உண்மை, ஆனால் அது அறுந்திருக்கக்கூடிய 19 இடங்களில் 16 இடங்கள் அரியணையைத் தொடவே தொடாது, மீதி மூன்றும் இன்றைய அரியணையை அசைக்காது. ஏன் என்று புரிய அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும், அப்புறம் விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

முதலில் குடும்பம்

பிரான்சின் ஆஞ்சூ பகுதியை ஆண்ட ஜெஃப்ரி என்ற கோமகன் தொப்பியில் மஞ்சள் பூப்பூக்கும் ஒரு புதர்ச்செடியின் கொத்தைச் செருகிக்கொள்வாராம். லத்தீனில் அந்தச் செடி பிளாண்டா ஜெனிஸ்டா, அதிலிருந்து வந்த பட்டப்பெயர்தான் பிளாண்டாஜெனட் என்பது வழக்கமான விளக்கம். இவருடைய மகன் இரண்டாம் ஹென்றி 1154-இல் இங்கிலாந்து மன்னரானார். அப்பா வழியில் அவருக்கு இங்கிலாந்தில் ஒரு உரிமையும் கிடையாது. அம்மா மட்டில்டா முதலாம் ஹென்றி மன்னரின் மகள், அந்த வழியில் வந்த உரிமை. அதாவது இந்த வம்சம் இங்கிலாந்தில் கால் வைத்ததே தாய்வழி உரிமையில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1154 முதல் 1485 வரை 331 ஆண்டுகள், 14 மன்னர்கள். இதில் வேடிக்கை, இவர்களில் பெரும்பாலோர் தங்களைப் பிளாண்டாஜெனட் என்று அழைத்துக்கொண்டதே இல்லை. குடும்பப் பெயராக அதை எடுத்து வைத்துக்கொண்டவர் 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யார்க் டியூக் ரிச்சர்ட், நம் மூன்றாம் ரிச்சர்டின் அப்பா. "நாங்கள்தான் மூத்த குடி" என்று காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருந்தது.

நம் கணக்குக்கு மூலவர் மூன்றாம் எட்வர்ட். 1327 முதல் 1377 வரை அரை நூற்றாண்டு ஆண்டவர். ஆளாகி நின்ற மகன்களில் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் நான்கு பேர், வயது வரிசையில்:

1. எட்வர்ட், கறுப்பு இளவரசர் என்று பெயர் பெற்றவர். அப்பாவுக்கு முன்னாலேயே 1376-இல் இறந்தார். இவர் மகன் இரண்டாம் ரிச்சர்ட் பட்டத்துக்கு வந்து, பிள்ளை இல்லாமல் 1399-இல் அரியணையை இழந்தார். இந்தக் கிளை அங்கேயே முடிந்தது.
2. லயனல். ஆண் வாரிசு இல்லை, ஃபிலிப்பா என்று ஒரே மகள்.
3. காண்ட் ஊர் ஜான். லங்காஸ்டர் கட்சியின் மூலம்.
4. லாங்லி ஊர் எட்மண்ட். யார்க் கட்சியின் மூலம்.

தமிழில் இதற்கு ரெடியாக ஒரு சொல் இருக்கிறது: பங்காளிகள். லங்காஸ்டரும் யார்க்கும் ஒரே தாத்தாவின் பேரன் மக்கள், பாடப்புத்தகத்தில் 'ரோஜாப் போர்கள்' என்று படித்தது, அரியணைக்காக இந்த இரண்டு கட்சியும் போட்ட சுத்தமான பங்காளிச் சண்டை. டிஎன்ஏ சோதனை கேட்ட கேள்வியும் அதுதான்: இந்த இரண்டு பக்கமும் உண்மையிலேயே பங்காளிகள்தானா?

எலும்பு யாருடையது: தாய்வழி நூல்

1485 ஆகஸ்ட் 22, பாஸ்வொர்த் போர்க்களம். 32 வயது ரிச்சர்ட் அங்கே வெட்டுப்பட்டுச் செத்தார். உடலை லெஸ்டர் நகரத்துக்குக் கொண்டுபோய் ஃபிரான்சிஸ்கன் துறவிகளின் தேவாலயத்தில் அவசரமாகப் புதைத்தார்கள். எட்டாம் ஹென்றி காலத்தில் மடங்களைக் கலைத்தபோது அந்தக் கட்டடமும் போயிற்று, கல்லறை எங்கே என்பதும் மறந்துபோயிற்று. 2012 ஆகஸ்டில் நகராட்சியின் கார் நிறுத்துமிடம் ஒன்றைத் தோண்டியபோது முதல் நாளே கால் எலும்பு தட்டுப்பட்டது. குழி ஆளின் நீளத்துக்குக்கூட வெட்டப்படவில்லை, தலை ஒரு பக்கம் நிமிர்ந்து முட்டிக்கொண்டிருந்தது. முதுகுத்தண்டு பக்கவாட்டில் நன்றாக வளைந்திருந்தது. சாகும் நேரத்தில் பட்ட காயங்கள் 11, அவற்றில் 9 மண்டையோட்டில்.

வளைந்த முதுகை வைத்து மட்டும் மன்னர் என்று சொல்லிவிட முடியாதே. இங்கேதான் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வருகிறது. இது அம்மாவிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்குப் போகும். மகனுக்கும் வரும், ஆனால் மகன் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது, மகள்தான் கொடுப்பாள். ஆகவே ரிச்சர்டின் பிள்ளைகளைத் தேடிப் பயனில்லை. அவருடைய அம்மா சிசிலி நெவிலிடமிருந்து தொடங்கி, மகள், அவள் மகள், அவளுக்கும் மகள் என்று பெண்கள் வழியாகவே இறங்கி வர வேண்டும். ரிச்சர்டின் மூத்த அக்கா ஆன் வழியாக அப்படி அறுபடாமல் வந்த இரண்டு கொடிகளை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒன்றின் நுனியில் இருந்தவர் லண்டனில் மரவேலை செய்பவர். மன்னருக்கும் அவருக்கும் நடுவே 19 படிகள். மைட்டோகாண்ட்ரியா எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. 21 படி தள்ளியிருந்த இன்னொருவருக்கு ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. அத்தனை தலைமுறையில் ஒரு சின்ன மாற்றம் வருவது இயல்புதான்.

கார்பன் கணிப்பு, வயது, காயங்கள், முதுகு, மைட்டோகாண்ட்ரியா எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது இது ரிச்சர்ட்தான் என்பதற்கு 99.999 சதவீதம் வந்தது. அந்த மரவேலைக்காரரே 2015 மார்ச்சில் மறு அடக்கத்துக்கான சவப்பெட்டியையும் செய்து கொடுத்தார். தன் தூரத்துப் பாட்டனுக்குப் பெட்டி செய்யும் வாய்ப்பு 530 வருஷம் கழித்து யாருக்குக் கிடைக்கும்?

தந்தைவழி நூல்: அறுந்தது இங்கேதான்

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. ரிச்சர்டின் ஒரே முறையான மகன் சிறுவயதிலேயே 1484-இல் இறந்துவிட்டான். எனவே ஒப்பிட்டுப் பார்க்கப் பங்காளி வீட்டு ஆண்களைத்தான் பிடிக்க வேண்டும். மூன்றாம் எட்வர்டிடம் மேலே ஏறி, காண்ட் ஜான் பக்கமாக இறங்கினால் போஃபர்ட் டியூக்குகள் என்ற பெரிய குடும்பம் வருகிறது. 1803-இல் இறந்த ஐந்தாம் போஃபர்ட் டியூக்கின் ஆண்வழி வாரிசுகள் ஐந்து பேர் சோதனைக்கு மாதிரி கொடுத்தார்கள்.

முடிவு இப்படி வந்தது:

1. ரிச்சர்டின் ஒய் குரோமோசோம் 'ஜி' என்ற குழு.
2. ஐந்து பேரில் நால்வருக்கு 'ஆர்1பி'.
3. ஐந்தாவது ஆளுக்கு 'ஐ' குழு, மற்ற நால்வரோடும் பொருந்தவில்லை.

இந்தக் குழுக்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. 600, 700 வருஷத்தில் ஒன்று மற்றொன்றாக மாறிவிட வழியில்லை. ஆக ரிச்சர்டுக்கும் அந்த நால்வருக்கும் நடுவில் எங்கோ ஓர் அப்பா ஏட்டில் மட்டும்தான் அப்பா. மூன்றாவது வரியையும் கவனியுங்கள், அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை: ஐந்தாம் டியூக்குக்குப் பின், அதாவது நமக்குக் கிட்டத்துக் காலத்தில், இன்னொரு அறுபடலும் நடந்திருக்கிறது. ஒரே சோதனையில் இரண்டு.

இன்னொரு தப்பான முடிவையும் இங்கேயே வெட்டிவிடலாம். மேற்கு ஐரோப்பாவில் 'ஆர்1பி' மிகப் பரவலானது, 'ஜி' அரிது. அதனால் ரிச்சர்ட் பக்கம்தான் கலப்பு நடந்திருக்கும் என்று சிலர் எழுதிவிட்டார்கள். அப்படிச் சொல்ல முடியாது. மூன்றாம் எட்வர்டுக்கு எந்தக் குழு என்பது யாருக்கும் தெரியாது. அரிய குழுவே அரசருடையதாக இருந்து, பரவலானது பக்கத்து வீட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ரத்தம் பொருந்தவில்லை என்று மட்டும்தான் சோதனை சொல்கிறது, யாருடையது அசல் என்று சொல்லவில்லை.

அவ்வளவு அதிசயமா? ஒரு சின்னக் கணக்கு

ரிச்சர்டிலிருந்து எட்வர்ட் வரை மேலே ஏற 4 படி: ரிச்சர்ட், அவர் அப்பா யார்க் டியூக், அவர் அப்பா கேம்பிரிட்ஜ் ஏர்ல் (டியூக் போல இதுவும் ஒரு பிரபுப் பட்டம்), அவர் அப்பா லாங்லி எட்மண்ட், அவர் அப்பா எட்வர்ட். எட்வர்டிலிருந்து ஐந்தாம் போஃபர்ட் டியூக் வரை கீழே இறங்க 15 படி. மொத்தம் 19 அப்பா-மகன் கண்ணிகள்.

ஒரு தலைமுறையில் ஏட்டு அப்பாவும் ரத்த அப்பாவும் வேறாக இருக்கும் வாய்ப்பு சுமார் 1 முதல் 2 சதவீதம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் எப்போதும் கள்ள உறவுதான் என்று நினைக்க வேண்டாம், வெளியே சொல்லாத தத்து, முதல் கணவரின் பிள்ளை இரண்டாம் கணவரின் பேரில் வளர்வது எல்லாம் இதில் சேரும். 1 சதவீதம் என்றே வைத்துக்கொண்டால் ஒரு கண்ணி தேறும் வாய்ப்பு 0.99. அதை 19 தடவை பெருக்கினால் 0.83 வரும். அதாவது எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்க 17 சதவீத வாய்ப்பு. 2 சதவீதம் என்றால் அது 32 ஆகிறது, கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. அரச குடும்பம் என்று பார்க்காமல் எந்தக் குடும்பத்தின் 19 தலைமுறைக் கொடியை எடுத்து வைத்தாலும் இதே கணக்குதான்.

தாய்வழியில் அந்த மரவேலைக்காரர் வரைக்கும் இருந்ததும் இதே 19 படிதான். அது அறுபடவில்லை. இதில் ஒன்றும் மர்மமில்லை. பிரசவ அறையில் அம்மா யார் என்பதற்குச் சாட்சி தேவைப்படாது, அப்பா யார் என்பது எப்போதும் ஒரு வாக்குமூலம்தான்.

எங்கே அறுந்தால் யாருக்கு என்ன?

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். 19 கண்ணிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்போம்.

1. எட்வர்டுக்கும் காண்ட் ஜானுக்கும் நடுவே. இருப்பதிலேயே பெரிய அடி இது. ஜானின் மகன் நான்காம் ஹென்றி 1399-இல் இரண்டாம் ரிச்சர்டை இறக்கிவிட்டு அரியணை ஏறினார், அப்புறம் ஐந்தாம் ஹென்றி, ஆறாம் ஹென்றி. மூன்று பேருமே எட்வர்டின் ரத்தம் இல்லை என்றாகிவிடும். ஆனால் ஒரு விசித்திரம். அரியணையைக் கேட்டபோது நான்காம் ஹென்றி எட்வர்டின் பேரன் என்பதை முன்னால் வைக்கவில்லை, எட்வர்டின் கொள்ளுத் தாத்தா மூன்றாம் ஹென்றி மன்னரின் நேர் ரத்தம் என்றுதான் சொன்னார். அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அம்மா பிளாஞ்ச், அந்த மூன்றாம் ஹென்றியின் இளைய மகன் வழியில் வந்தவர். காண்ட் ஜான் யாருடைய பிள்ளையாக இருந்தாலும் அந்த ரத்தம் போகாது.

2. காண்ட் ஜானுக்கும் ஜான் போஃபர்டுக்கும் நடுவே. போஃபர்ட் பிள்ளைகள் நால்வரும் கேத்தரின் ஸ்வின்ஃபர்ட் என்ற பெண்ணுக்குப் பிறந்தவர்கள், அப்போது அவர் மனைவி இல்லை. 1396-இல்தான் ஜான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1397-இல் நாடாளுமன்றத்தில் வைத்து அந்தப் பிள்ளைகளை முறையானவர்கள் ஆக்கினார்கள். 1407-இல் நான்காம் ஹென்றி அதை மறுபடி உறுதிசெய்தபோது "அரச பதவி நீங்கலாக" என்று இரண்டு மூன்று சொல்லைச் செருகிவிட்டார். இந்தக் கண்ணி அறுந்தால் லங்காஸ்டர் மன்னர்கள் மூவருக்கும் ஒன்றுமில்லை, அவர்கள் பிளாஞ்சின் வழி. அடிபடுவது, பாஸ்வொர்த்தில் ரிச்சர்டை வீழ்த்தி அரியணை ஏறிய ஏழாம் ஹென்றி டியூடர். அவருடைய அம்மா மார்கரெட் போஃபர்ட் இந்த ஜான் போஃபர்டின் பேத்தி, அவருக்கிருந்த ரத்த உரிமை முழுக்க அந்த அம்மா வழி.

3. ஜான் போஃபர்டிலிருந்து ஐந்தாம் டியூக் வரை, 13 கண்ணிகள். ஒரு மன்னரும் இதில் இல்லை. மார்கரெட்டின் கிளை இதற்கு மேலேயே பிரிந்து போய்விட்டது. நடுவில் ஒருவர், சார்லஸ் சாமர்செட், கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவர் என்று ஏட்டிலேயே இருக்கிறது, அதற்காக அவருக்கு ஏர்ல் பட்டம் கிடைக்காமல் போகவில்லை. இந்த 13-இல் எங்கே அறுந்தாலும் அது ஒரு டியூக் வீட்டின் சொந்த விஷயம்.

4. எட்வர்ட் – லாங்லி, லாங்லி – கேம்பிரிட்ஜ், கேம்பிரிட்ஜ் – யார்க், 3 கண்ணிகள். யார்க் மன்னர்களின் உரிமை இங்கேதானே என்று தோன்றும். இல்லை. லாங்லி எட்மண்ட் காண்ட் ஜானுக்குத் தம்பி, தம்பி வழியை வைத்து அண்ணன் வழியைத் தள்ள முடியுமா? 1460-இல் யார்க் டியூக் நாடாளுமன்றத்தில் வந்து நின்று அரியணையைக் கேட்டபோது அவர் காட்டியது இரண்டாவது மகன் லயனலின் கொடி: லயனல், மகள் ஃபிலிப்பா, அவள் மகன் ரோஜர் மார்ட்டிமர், அவர் மகள் ஆன் மார்ட்டிமர். இந்த ஆன் கேம்பிரிட்ஜ் ஏர்லின் மனைவி, யார்க் டியூக்கின் அம்மா. ஆக யார்க் கட்சியின் உரிமை முழுக்க அம்மா வழி, நடுவில் இரண்டு பெண்கள். அப்பா பக்கம் மூன்று கண்ணியும் அறுந்தாலும் இது அப்படியே நிற்கும்.

5. யார்க் டியூக்குக்கும் மூன்றாம் ரிச்சர்டுக்கும் நடுவே. பாதிக்கப்படுவது ரிச்சர்ட் ஒருவர்தான். அவருக்கு முன் ஆண்ட அண்ணன் நான்காம் எட்வர்டின் பிறப்பு வேறு கணக்கு. ரிச்சர்டுக்கு முறையான வாரிசு மிஞ்சவில்லை என்பதால் அவருக்குப் பின்னால் அரியணைக்கு வந்த யாரும் அவருடைய பிள்ளை வழி இல்லை. இதிலும் ஒரு முடிச்சு உண்டு: அவருடைய அம்மா சிசிலி நெவில், காண்ட் ஜானின் மகள் ஜோன் போஃபர்டுக்குப் பிறந்தவர். பங்காளிகள் அப்படி ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுத்திருக்கிறார்கள், ஒரு நூலை அறுத்தால் இன்னொன்று பிடித்துக்கொள்கிறது.

கூட்டிப் பாருங்கள்: 13-உம் 3-உம் 16. இவை எந்த மன்னரின் உரிமையையும் தொடாது. ஒன்று ரிச்சர்டை மட்டும் தொடும். மற்ற மன்னர்களைத் தொடுவது இரண்டே இரண்டு. எல்லாக் கண்ணிக்கும் சம வாய்ப்பு என்றால் பத்தில் ஒன்று சொச்சம்.

அந்த இரண்டில் ஒன்றே அறுந்திருந்தாலும் ஒட்டுப்போட்டாகிவிட்டது. ஏழாம் ஹென்றி 1486-இல் நான்காம் எட்வர்டின் மகள் எலிசபெத்தைக் கல்யாணம் செய்தார். அவர்கள் மகன் எட்டாம் ஹென்றிக்கு அம்மா வழியில் லயனலின் கொடி வந்து சேர்கிறது.

பழைய வதந்திகளை என்ன செய்வது?

டிஎன்ஏ செய்தி வந்ததும் தூசு தட்டி எடுக்கப்பட்ட கிசுகிசுக்கள் மூன்று.

முதலாவது காண்ட் ஜான் பற்றியது. அவர் காண்ட் ஊர் (இன்றைய பெல்ஜியத்தின் கெண்ட் நகரம்) கசாப்புக்காரர் மகன், ராணி ஃபிலிப்பா குழந்தையை மாற்றிவிட்டார் என்று 1370-களில் அவருடைய எதிரிகள் பரப்பினார்கள். அப்போது கிழட்டு மன்னரின் பெயரில் நாட்டை நடத்தியவர் ஜான்தான், அவரைப் பிடிக்காதவர்கள் ஏராளம். எதிரி பரப்பியது என்பதற்காகவே பொய் ஆகிவிடாது, ஆனால் சாட்சியமாக எடுத்துக்கொள்ள இதில் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது கேம்பிரிட்ஜ் ஏர்ல் பற்றியது. இதில் மட்டும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. லாங்லி எட்மண்ட் தன் உயிலில் இந்த இளைய மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அம்மா இசபெல்லாவுக்கும் ஜான் ஹாலண்ட் என்பவருக்கும் தொடர்பு இருந்ததாகப் பேச்சும் உண்டு. வரலாற்றாசிரியர்கள் சிலர் சந்தேகப்படுவது இந்தக் கண்ணியைத்தான். உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் மேலே நான்காவது எண்ணைப் பாருங்கள், அரியணைக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது நான்காம் எட்வர்ட் பற்றியது. 1442 ஏப்ரலில் பிரான்சின் ருவான் நகரத்தில் பிறந்தவர், கருத்தரித்திருக்க வேண்டிய நாட்களில் அப்பா போர்முனையில் இருந்தார், ஆகவே யாரோ ஒரு வில்வீரரின் பிள்ளை என்று கதை. ரிச்சர்டின் எலும்பு இதைப் பற்றி ஒன்றுமே சொல்லாது, அண்ணனின் அப்பா யார் என்று தம்பியின் ஒய் குரோமோசோமில் எழுதியிருக்காது. இது உண்மையாக இருந்தால் நான் மேலே சொன்ன எலிசபெத் ஒட்டு கழன்றுவிடுமே என்று கேட்கலாம். லயனல் வழி கழன்றுவிடும்தான். ஆனால் எட்வர்டுக்கும் அதே சிசிலி நெவில்தானே அம்மா, அவர் வழியில் காண்ட் ஜானின் ரத்தம் வந்துவிடும்.

இந்தக் கிசுகிசுவால் லாபம் அடைந்தவர் மூன்றாம் ரிச்சர்டேதான். 1483-இல் அண்ணன் இறந்ததும் அண்ணன் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு அவர் அரியணை ஏறியபோது, அண்ணனின் பிறப்பைப் பற்றிய இந்தப் பேச்சும் ஊரில் அடிபட்டது. கடைசியில் சட்டமாக எழுதப்பட்ட காரணம் வேறு: எட்வர்ட் முன்பே வேறொரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், ஆகவே கல்யாணம் செல்லாது, பிள்ளைகள் முறையானவர்கள் இல்லை. 1484 நாடாளுமன்றம் இதை நிறைவேற்றியது, அடுத்த ஆண்டே ஏழாம் ஹென்றி அதை ரத்து செய்து படிகளையும் அழிக்கச் சொன்னார். பிறப்பைக் காட்டி அண்ணன் பிள்ளைகளை ஒதுக்கியவரின் சொந்தக் கொடியை 530 வருஷம் கழித்து ஆய்வகத்தில் கேள்வி கேட்கிறார்கள். அவர் இதை ரசித்திருக்க மாட்டார்.

சரி, இன்றைய அரியணை?

இதற்கு ரத்தம் வேண்டாம், சட்டம் போதும்.

1. ஏழாம் ஹென்றி வம்சாவளியைக் காட்டி வென்றவர் இல்லை, பாஸ்வொர்த்தில் வாளால் வென்றவர். 1485 நாடாளுமன்றம் அரியணை உரிமை ஹென்றியிடமும் அவர் வாரிசுகளிடமும் இருக்கிறது என்று மட்டும் அறிவித்தது. எந்த வழியில் வந்தது என்று விளக்கவே இல்லை. புத்திசாலித்தனம்.

2. இன்றைய மன்னரின் உரிமை 1701-இல் போட்ட வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஹனோவரின் சோஃபியாவும் அவர் வழிவந்த புராட்டஸ்டண்ட் வாரிசுகளும் என்று அது பெயர் சொல்லி எழுதுகிறது. ரத்த உறவில் அவரைவிட நெருக்கமாக இருந்த 50-க்கும் மேற்பட்டவர்களைக் கத்தோலிக்கர் என்பதற்காகத் தாண்டிப் போய்த்தான் 1714-இல் சோஃபியாவின் மகனை முதலாம் ஜார்ஜ் ஆக்கினார்கள். ரத்தத்தின் வரிசை அன்றைக்கே மதத்துக்குப் பின்னால் போய்விட்டது.

3. பிளாண்டாஜெனட் ஒய் குரோமோசோம் எதுவாக இருந்தாலும் 1485-க்குப் பின் அது அரியணையில் இல்லை. டியூடர், ஸ்டூவர்ட், ஹனோவர், சாக்ஸ்-கோபர்க் என்று ஒவ்வொரு முறையும் ஓர் அம்மா வழியாக உரிமை மாறும்போது ஆண்வழி மாறிக்கொண்டே வந்தது. மூன்றாம் சார்லஸுக்கு இருப்பது அப்பா ஃபிலிப் வழியாக வந்த டென்மார்க்-ஜெர்மன் அரச குடும்பத்தினுடையது.

4. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை கணவருடையது என்றுதான் இங்கிலாந்துச் சட்டம் எடுத்துக்கொள்ளும், வேறு என்று நிரூபிக்கும் வரை. நிரூபிக்க வேண்டியவர்கள் செத்து 600 வருஷம் ஆகிறது.

அப்படியானால் டிஎன்ஏவைப் பரம்பரைப் பட்ட வழக்குகளில் கண்டுகொள்ளவே மாட்டார்களா? மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2016-இல் லண்டன் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு, 1683-இல் கொடுக்கப்பட்ட பிரிங்கில் குடும்பத்தின் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் யாருக்கு என்ற வழக்கில் டிஎன்ஏ சாட்சியத்தை ஏற்று, அதுவரை பட்டம் வைத்திருந்த கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குக் கொடுத்தது. அந்தப் பட்டம் சொந்த ஆண் வாரிசுக்கு என்று எழுதிக் கொடுக்கப்பட்டது, பத்திரத்தில் இருந்த சொல்லே ரத்தத்தைக் கேட்டது. அறுபட்டதும் கிட்டத்து நூற்றாண்டில். அரியணையின் பத்திரம் 1701 சட்டம், அதற்கு மேலே யார் யாருடைய பிள்ளை என்று அது கேட்பதில்லை.

எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

வழி இருக்கிறது, மனம்தான் வேண்டும். மூன்றாம் எட்வர்ட் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் படுத்திருக்கிறார். அவருடைய எலும்பில் 'ஜி' வந்தால் ரிச்சர்ட் பக்கம் சுத்தம், போஃபர்ட் பக்கம் அறுந்திருக்கிறது. 'ஆர்1பி'யில் அதே உட்பிரிவு வந்தால் யார்க் பக்கத்து 4 கண்ணிகளில் ஒன்று. இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஏதாவது வந்தால் இரண்டு பக்கமும் அறுந்திருக்கிறது, அதுவும் நடக்கக்கூடியதுதான். யார்க் பக்கம் என்று தெரிந்தால் அடுத்து வின்ட்சரில் இருக்கும் நான்காம் எட்வர்டைப் பார்க்கலாம். அண்ணன் தம்பி இருவருக்கும் 'ஜி' என்றால் ருவான் வில்வீரர் கதையும் கிட்டத்தட்ட முடிந்துவிடும். காண்ட் ஜானை மட்டும் பார்க்க வழியில்லை. அவர் கல்லறை இருந்த பழைய செயின்ட் பால் தேவாலயம் 1666 லண்டன் பெருந்தீயில் எரிந்துபோனது.

அரச கல்லறையைத் திறக்க அரண்மனையும் தேவாலயமும் சம்மதிக்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு சின்னப் பேழைக்குள் 1674-இல் லண்டன் கோட்டையில் கிடைத்த சிறுவர்களின் எலும்புகள் இருக்கின்றன, ரிச்சர்ட் கொன்றதாகச் சொல்லப்படும் அண்ணன் மகன்களுடையவை என்று நம்பி வைத்தவை. 1933-இல் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள், அப்போது டிஎன்ஏ சோதனை என்ற ஒன்று கிடையாது. நான்காம் எட்வர்டின் மகன்கள் என்றால் அந்த எலும்பிலும் அதே ஒய் குரோமோசோம்தான் இருக்க வேண்டும்.